லண்டன் – பாரிஸ்: எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்?

கேள்வி இதுதான்: "லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறேன். ஊரிலிருந்து அம்மா வரப்போகிறார். பாரிஸுக்கு வெளியே லா கூர்னேவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அவரை அழைத்துப் போக வேண்டும். தூரம் எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 344 கி.மீ., இன்னோரிடத்தில் 348, சாலை வரைபடத்தில் 460, ரயில் பாதை 492 என்று வருகிறது. விமானத்தில் 56 நிமிடம் என்று ஒரு கணக்கு சொல்கிறது. டிக்கெட்டிலோ காலை 9.00க்குக் கிளம்பி 11.20க்குச் சேரும் என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? அம்மாவுக்கு முழங்கால் வலி, நீண்ட நேரம் நிற்க முடியாது."

நீங்கள் பார்த்த தூரங்கள் நான்குமே சரி, ஒவ்வொன்றும் வேறொன்றை அளந்து சொல்கிறது. நேரக் கணக்கில் அந்த 56 நிமிடத்தை மட்டும் மறந்துவிடுங்கள். விமானம் வானில் இருப்பது சுமார் 45 முதல் 50 நிமிடம். டிக்கெட்டில் உள்ள நேரம் உண்மையில் 1 மணி 20 நிமிடம்தான், மீதி ஒரு மணி இரு நாட்டுக் கடிகாரங்களின் வித்தியாசம். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் இருந்து அக்கா வீட்டு வாசலுக்குப் போக ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். அம்மாவை வைத்துத் திட்டம் போடும்போது இந்தக் கடைசிக் கணக்குதான் உங்களுக்கு வேண்டும். பதினெட்டு வருடமாக இந்த வழியில் விமானம், ரயில், கார், பஸ் என்று எல்லாவற்றிலும் போய் வந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 344. இதை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். லண்டனின் நடுப்பகுதி வடக்கு அட்சரேகை 51.51 பாகையில் இருக்கிறது, பாரிஸ் 48.86 பாகையில். வித்தியாசம் 2.65 பாகை. பூமியில் வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ., ஆக 294 கி.மீ. தெற்கே இறங்க வேண்டும். கிழக்கு மேற்காக லண்டன் கிரீன்விச் கோட்டுக்கு 0.13 பாகை மேற்கே, பாரிஸ் 2.35 பாகை கிழக்கே. வித்தியாசம் 2.48 பாகை. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வரும். இந்த இரு நகரங்களும் இருக்கும் அட்சரேகைகளுக்கு நடுவே ஒரு பாகையின் அகலம் 111 கி.மீ.யில் 0.64 பங்குதான், அதாவது 71 கி.மீ. அப்படியானால் கிழக்கே 176 கி.மீ. போக வேண்டும். இனி பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம்: 294இன் வர்க்கத்தையும் 176இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 343 வரும். பூமியின் வளைவைச் சேர்த்து முறையாகக் கணக்கிட்டாலும் 344தான். இவ்வளவு குறைந்த தூரத்தில் வளைவால் பெரிய வேறுபாடு இல்லை.

348 என்பது ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு நேர்க்கோடு. விமானத் துறையில் 188 கடல் மைல் என்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., பெருக்கிப் பாருங்கள். ஹீத்ரோ லண்டனுக்கு மேற்கே தள்ளி இருப்பதால் தூரம் கூடுகிறது, சார்ல் து கோல் பாரிஸுக்கு வடகிழக்கே, லண்டன் இருக்கும் வடக்குப் பக்கமாகத் தள்ளி இருப்பதால் குறைகிறது. கூடியதும் குறைந்ததும் கிட்டத்தட்ட சரியாகப் போய்விடுகிறது. லண்டனுக்குத் தெற்கே இருக்கும் கேட்விக்கில் இருந்து கிளம்பினால் 308 கி.மீ.தான். அதற்காக டிக்கெட் நேரம் பெரிதாகக் குறைந்துவிடாது, காரணம் கீழே வருகிறது.

சாலைக்கு 460 ஏன்? லண்டனில் இருந்து பாரிஸுக்கு வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால் அது ஹேஸ்டிங்ஸ் அருகே கடலில் இறங்கி, டியெப் நகரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே பிரான்சில் கரையேறும். அந்த இடத்தில் கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலம். கடல் மிகவும் குறுகலாக இருப்பது கிழக்கே டோவர் ஜலசந்தியில், அங்கே 33 கி.மீ.தான். காரோ ரயிலோ, எதுவானாலும் கிழக்கே சுற்றிக்கொண்டு அந்தக் குறுகிய இடத்தைத்தான் தேடிப் போகிறது. ரயிலுக்கு லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து சுரங்கம் வரை 108 கி.மீ., கால்வாய்ச் சுரங்கம் 50 கி.மீ. (அதில் 38 கி.மீ. கடலுக்கு அடியில்), மீதி பிரான்சின் அதிவேகப் பாதை. எல்லாம் சேர்ந்து 492.

சரி, இப்போது நேரம். 56 நிமிடம் என்று காட்டும் தளங்கள் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து அரை மணி நேரம் கூட்டுகின்றன. மணிக்கு 800 கி.மீ. என்று வைத்தால் 344க்கு 26 நிமிடம், அதோடு 30 சேர்த்தால் 56. லிஸ்பனிலிருந்து ஹெல்சின்கி போல நீண்ட வழிக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். லண்டன் – பாரிஸுக்கு ஒத்துவராது. இந்த வழியில் விமானம் முழு வேகத்தில் நேராகப் பறக்கும் நேரம் மிகக் குறைவு, பயணத்தின் பெரும்பகுதி ஏறுவதும் இறங்குவதும்தான். இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 25,000 அடியில் இருந்து இறங்க 75 கடல் மைல், அதாவது 140 கி.மீ. தேவை. மொத்தம் 348 கி.மீ.யில் 140 இறக்கத்துக்கே போய்விட்டது. ஏற்றத்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு போகும். பணிப்பெண்கள் தள்ளுவண்டியை எடுத்து நடுவில் வருவதற்குள் திருப்பி உள்ளே தள்ளும் அவசரத்தை இந்த விமானங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குக் கிடைப்பதே கால் மணி நேரம்தான்.

அடுத்தது காற்று. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். இங்கே பெரும்பாலான நாட்களில் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. அதனால் ஹீத்ரோவில் மேற்கு நோக்கி ஏறிவிட்டு, தென்கிழக்கே இருக்கும் பாரிஸுக்காகத் திரும்ப வேண்டும். பாரிஸிலும் அதே கதை. வடமேற்கிலிருந்து வரும் விமானம் மேற்கு நோக்கி இறங்க வேண்டுமானால், விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், வளைந்து திரும்பி வர வேண்டும். சன்னலோரம் உட்கார்ந்திருந்தால் கீழே ஓடுபாதைகள் தெரியும், விமானம் அவற்றை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் வழி தவறிவிட்டதோ என்று பயப்படுவார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு முனையிலும் இப்படி வளைவதால் உண்மையில் பறக்கும் தூரம் 348ஐத் தாண்டிவிடுகிறது. கேட்விக்கில் 40 கி.மீ. மிச்சமானாலும் நேரம் மிச்சமாகாததற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி. டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரத்தைக் குறிப்பதில்லை. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரை உள்ளது அது. பிளாக் நேரம் என்பார்கள். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். அவற்றில் ஏற வரிசையில் நிற்க வேண்டும். சார்ல் து கோலில் நான்கு ஓடுபாதைகள், ஆனால் பரப்பளவு பெரியது, தரையிறங்கிய பிறகு ஊர்ந்துகொண்டே போவது முடியாதது போலத் தோன்றும். இரு முனைகளிலும் தரையில் ஓடுவதைக் கூட்டினால் எளிதாக அரை மணி நேரம்.

இதற்கு மேல் விமான நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவும் நேரம் போட்டுக்கொள்கின்றன. சொன்ன நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்தால் 'நேரத்துக்கு வந்த விமானம்' என்ற கணக்கில் சேரும், அதனால் பத்து நிமிடம் கையிருப்பு வைத்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது. ஒருமுறை நான் போன விமானம் நிறுத்துமிடத்திலிருந்து 25 நிமிடம் தாமதமாகத்தான் நகர்ந்தது. கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டேன்: சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை 44 நிமிடம். போய்ச் சேர்ந்தபோது தாமதம் 12 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. விமானி வேகமாக ஓட்டினார் என்று பக்கத்து இருக்கைக்காரர் பாராட்டினார். மிச்சமானது அட்டவணையில் முன்பே ஒதுக்கி வைத்திருந்த நேரம்.

தாமதம் என்று வந்ததால் ஒரு பயனுள்ள தகவல். விமான நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு. 1,500 கி.மீ. வரையிலான வழிக்கு ஐரோப்பிய விதிப்படி 250 யூரோ, பிரிட்டன் விதிப்படி 220 பவுண்டு. அந்தத் தூரத்தை எப்படி அளக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்: பூமியின் மேல் நேர்க்கோடு. நாம் மேலே முக்கோணம் போட்டுக் கண்டுபிடித்தோமே, அதே வகைத் தூரம்தான்.

கடிகார வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 9.00க்குக் கிளம்பி 11.20க்குச் சேரும் என்பதில் முதல் நேரம் லண்டனுடையது, இரண்டாவது பாரிஸுடையது. பாரிஸ் எப்போதும் ஒரு மணி நேரம் முன்னால். கோடை நேரத்துக்கு இரு நாடுகளும் ஒரே கணத்தில் மாறுவதால் வருடம் முழுக்க இந்த வித்தியாசம் மாறாது. திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழ்: பாரிஸில் 10.00க்கு ஏறினால் லண்டனில் 10.20க்கு இறங்கிவிட்டதாக டிக்கெட் சொல்லும். இருபது நிமிடத்தில் வந்துவிட்டதாக நினைத்து யாரும் முன்கூட்டியே அழைத்துப்போக வந்து நிற்க வேண்டாம்.

சூரியனைக் கேட்டால் இரு ஊருக்கும் வித்தியாசம் பத்து நிமிடம்தான். 2.48 பாகை என்று பார்த்தோமே, பாகைக்கு நான்கு நிமிடம். பிரான்ஸ் 1911இல் கிரீன்விச் நேரத்துக்கு மாறியது. ஆனால் சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரைச் சொல்லாமல் 'பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 வினாடி குறைத்தது' என்று எழுதிக்கொண்டார்கள். 1940இல் ஜெர்மானியப் படை பாரிஸைப் பிடித்ததும் கடிகாரத்தை பெர்லின் நேரத்துக்குத் திருப்பியது. போர் முடிந்த பிறகும் பிரான்ஸ் பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. உங்கள் டிக்கெட்டில் இருக்கும் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் அங்கிருந்து வருகிறது.

இந்த வான்வழி எவ்வளவு பழையது என்பதையும் சொல்ல ஆசை. 1919 ஆகஸ்ட் 25 அன்று, இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற திடலிலிருந்து பாரிஸின் ல பூர்ஜேவுக்கு ஒரு சிறிய விமானம் கிளம்பியது. தினசரி சர்வதேச விமான சேவை தொடங்கிய நாள் அது. ஒரே ஒரு பயணி, கொஞ்சம் தோல், சமையலுக்காக வேட்டையாடிய பறவைகள், ஜாடிகளில் கிரீம். போய்ச்சேர சுமார் இரண்டரை மணி நேரம் பிடித்தது. இன்றைய யூரோஸ்டார் ரயில் நகர நடுவிலிருந்து நகர நடுவுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாக, 2 மணி 20 நிமிடத்தில் போகிறது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. 9.00 மணி விமானம் என்றால் ஏழு மணிக்கு ஹீத்ரோவில் இருக்க வேண்டும், ஹாரோவிலிருந்து டாக்சியில் 6.15க்காவது கிளம்ப வேண்டும். லண்டன் கணக்கில் 10.20க்கு சார்ல் து கோல். நடை, பாஸ்போர்ட் வரிசை, பெட்டி எல்லாம் முடிய 50 நிமிடம் வையுங்கள், 11.10. அங்கிருந்து ஆர்.ஈ.ஆர். பி என்ற புறநகர் ரயில். லா கூர்னேவ் விமான நிலையத்துக்கும் பாரிஸுக்கும் நடுவில், அதே பாதையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், ஆனால் சில ரயில்கள் அங்கே நிற்காமல் போய்விடும், பார்த்து ஏறுங்கள். காத்திருப்பது, வீடு வரை போவது எல்லாம் சேர்த்து 55 நிமிடம். வீடு சேர 12.05. மொத்தம் 5 மணி 50 நிமிடம். 344 கி.மீ.யை இதனால் வகுத்தால் மணிக்கு 59 கி.மீ. வருகிறது.

யூரோஸ்டாரில் போனால்? ஹாரோ ஆன் த ஹில்லில் மெட்ரோபாலிட்டன் ரயில் ஏறினால் மாறாமல் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸில் இறங்கலாம். 9.30க்கு ரயில் என்றால் 8.00க்கு அங்கே இருந்தால் போதும், வீட்டிலிருந்து 7.15. நுழைவு வாயிலை ரயில் கிளம்ப 30 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பிரான்சின் எல்லைப் போலீஸ் லண்டன் நிலையத்திலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட் சோதனையை முடித்துவிடுகிறது, அதனால் பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் இறங்கியதும் நேராக வெளியே நடக்கலாம். லண்டன் கணக்கில் 11.50. அங்கிருந்து ஆர்.ஈ.ஆர். பியில் இரண்டாவது நிறுத்தம் லா கூர்னேவ். 12.30க்குள் வீடு. மொத்தம் 5 மணி 15 நிமிடம்.

வித்தியாசம் அரை மணி நேரம்தான், ஆனாலும் அம்மாவுக்கு ரயிலைத்தான் சொல்வேன். விமானத்தில் அந்த ஆறு மணி நேரமும் துண்டு துண்டாக இருக்கிறது: வரிசை, நடை, வரிசை, உட்காரல், மறுபடி நடை. ரயிலில் இரண்டே கால் மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரலாம், கால் நீட்டலாம், எழுந்து நடக்கலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு இதுதான் பெரிய வசதி. விமானம்தான் என்று முடிவு செய்தால், சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். சட்டப்படி இலவசம், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பாரிஸ் என்ற பெயரில் பொவே விமான நிலையத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், அது ஊருக்கு வெளியே 80 கி.மீ. காரில் போகலாம் என்றால் போக்ஸ்டனில் காரையே ரயிலில் ஏற்றி 35 நிமிடத்தில் சுரங்கத்தைத் தாண்டலாம், ஆனால் மொத்தம் ஆறு ஏழு மணி நேரம். பஸ் எட்டு ஒன்பது மணி நேரம், அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் விட முக்கியமானது விசா. அம்மாவுக்குக் கிடைக்கும் பிரிட்டன் விசா பிரான்சில் செல்லாது. தனியாக ஷெங்கன் விசா (பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். அதை அவர் வசிக்கும் நாட்டில் விண்ணப்பிப்பதுதான் முறை, சுற்றுலா விசாவில் லண்டன் வந்த பிறகு இங்கே விண்ணப்பித்தால் ஏன் ஊரிலேயே செய்யவில்லை என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும், திருப்பி அனுப்பிவிடவும் கூடும். அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள். பிரிட்டனுக்குத் திரும்பி நுழையவும் அவருடைய விசா இடம் தருகிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய புதிய முறைப்படி, ஷெங்கன் எல்லையில் வெளிநாட்டவரின் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்கிறார்கள். முதல்முறை பதிவுக்கு நேரம் பிடிக்கும், நான் போட்ட கணக்கோடு இன்னொரு அரை மணி நேரம் சேர்த்தே வையுங்கள்.

அக்காவுக்கு என்று அம்மா எதையாவது கட்டிக்கொண்டுதான் வருவார். கோழி, ஆட்டிறைச்சி, நெய், பால்கோவா எதையும் லண்டனிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுபோகக் கூடாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் பெட்டியில் வருவதற்குத் தடை. பிடித்தால் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். முறுக்கு, மிளகாய்த்தூள், இட்லிப்பொடி போகும். இறைச்சியும் நெய்யும் அக்கா வீட்டுக்கு வேண்டுமென்றால் கார் து நோரில் இறங்கி ஐந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பல். தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ரயிலில் வந்தால் அம்மாவை அங்கே ஒரு கடையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் லா கூர்னேவுக்கு ரயில் ஏறுங்கள்.